டீசல் என்றொரு மனிதர்

நுழையும்முன்

நாள்தோறும் நாம் வழங்கும் சில சொற்கள் ஒருகாலத்தில் மனிதர்களின் பெயர்களாக இருந்தவை. வாட், ஆம்பியர், வோல்ட் என்னும் அலகுகளுக்குப் பின்னே அறிவியலறிஞர்கள் நிற்கின்றனர். டீசல் என்னும் சொல்லும் அத்தகையதே. பேருந்திலும் சரக்குந்திலும் விசைப்படகிலும் அன்றாடம் எரியும் எண்ணெய்க்குத் தம் பெயரைத் தந்த அம்மனிதரின் வாழ்வைப் பலர் அறியார். அவர் எதைத் தேடினார், எதை எட்டினார், எதை எட்டாமல் விட்டுச்சென்றார் என்பதையும், விட்டதைப் பின்வந்தோர் எவ்வாறு எடுத்துக்கொண்டனர் என்பதையும் இப்பாடம் கூறுகிறது.

கடற்கரையில் இரு வண்டிகள்

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள பழந்துறைமுகம் குலசேகரன்பட்டினம். ஒருபுறம் நீலக்கடல், மறுபுறம் செம்மணல் தேரியும் பனங்காடும். முத்தாரம்மன் கோவில் தசராவால் நாடறிந்த இவ்வூர், விண்வெளி ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டதால் உலகின் பார்வைக்கும் வந்துள்ளது.

பொழுது புலரும் வேளையில் இக்கடற்கரைச் சாலையில் நின்றால் சிறு சரக்குந்துகள் வரிசையாகச் செல்வதைக் காணலாம். மணப்பாட்டு மீனும் உடன்குடிக் கருப்பட்டியும் ஆத்தூர் வெற்றிலையும் தூத்துக்குடி உப்பும் இவற்றில்தான் ஊர்விட்டு ஊர் போகின்றன. அவற்றுள் இரண்டை உற்றுநோக்குவோம். ஒன்று பழையது. தடதடவென ஒலித்தபடி, பாலத்தின் ஏற்றத்தில் கரும்புகையைக் கக்கிக்கொண்டு மெல்ல ஏறுகிறது. மற்றொன்று புதியது. எஞ்சினின் கொள்ளளவில் முன்னதைவிடப் பெரிதன்று. ஆயினும் அதே சுமையுடன், சீழ்க்கை போன்ற மெல்லொலி எழ, எளிதாக ஏறிச்செல்கிறது. பின்னதில் டர்போ எனப்படும் சுழலியூட்டி பொருத்தப்பட்டுள்ளது. முன்னதில் அது இல்லை.

அளவில் ஒத்த இரு எஞ்சின்களின் ஆற்றலில் இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வருகிறது? விடை தேடி நாம் 19ஆம் நூற்றாண்டின் பாரிசு நகருக்குச் செல்லவேண்டும்.

தோல்வினைஞரின் மகன்

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18ஆம் நாள் பாரிசில் பிறந்தார். பெற்றோர் செருமானியர். நூற்கட்டுநராகத் தொழில் கற்ற தந்தை தியோடர், பாரிசில் தோற்பொருள்கள் செய்து விற்றுவந்தார். வருவாய் குறைவு. சிறுவன் ருடால்ஃப் தந்தை செய்த பொருள்களைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுசேர்த்தான். கைத்தொழிலாளியின் வீட்டில் உழைப்பு எவ்வளவு மிகுதி, ஊதியம் எவ்வளவு குறைவு என்பதை அவன் ஏட்டில் படித்தறியவில்லை; வண்டி தள்ளிய கைகளால் அறிந்தான்.

ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பாரிசின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்திற்கு ஓடினான். நீராவியால் இயங்குமாறு 18ஆம் நூற்றாண்டில் கூன்யோ என்பார் உருவாக்கிய பழைய வண்டி அங்கு வைக்கப்பட்டிருந்தது. அத்தகைய பொறிகளை வரைந்து வரைந்து அவன் கை தேறியது.

1870ஆம் ஆண்டு பிரான்சுக்கும் செருமானியர்க்கும் போர் மூண்டது. செருமானியர் பாரிசை விட்டு வெளியேற நேர்ந்தது. டீசல் குடும்பம் வாழ்ந்த வீட்டையும் தொழிலையும் விட்டு இலண்டனில் தஞ்சம் புகுந்தது. அங்கும் வறுமையே வரவேற்றது. பன்னிரண்டு வயது ருடால்ஃப், செருமனியின் அவுக்ஸ்புர்க் நகரில் கணக்காசிரியராக இருந்த உறவினர் வீட்டிற்குத் தனியாக அனுப்பப்பட்டான். அங்கே படிப்பு தடையின்றித் தொடர்ந்தது. பதினான்கு வயதில், தான் பொறியாளராகப் போவதாகப் பெற்றோருக்கு மடல் எழுதினான். விரைவில் வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்கவேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். மகனோ உதவித்தொகை பெற்று 1875இல் மியூனிக் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடத்தில் சேர்ந்தான்.

வகுப்பறையில் விழுந்த விதை

மியூனிக்கில் வெப்பவியல் கற்பித்தவர் கார்ல் லிண்டே. குளிர்பதனப் பொறியை உருவாக்கிப் புகழ்பெற்ற அறிஞர் அவர். ஒருநாள் வகுப்பில், நிலக்கரியின் வெப்பத்தில் நீராவி எஞ்சின் பத்தில் ஒரு பங்கைக்கூட முழுமையாக வேலையாக மாற்றுவதில்லை என்று அவர் விளக்கினார். எஞ்சிய பத்தில் ஒன்பது பங்கும் வீணாகிறது. கொள்கையளவில் அவ்வளவு வெப்பம் வீணாக வேண்டியதில்லை என்பதைச் சாடி கார்னோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1824இலேயே நிறுவியிருந்தார்.

வகுப்பிலிருந்த மற்றவர்க்கு அது தேர்வுக்குரிய ஒரு செய்தி. இருபது வயது டீசலுக்கு அது வாழ்நாள் வினா ஆயிற்று. அவ்வினாவில் அறிவியலோடு அறமும் கலந்திருந்தது. நீராவி எஞ்சின் பெரியதாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். அதைப் பெருமுதலாளிகளால்தான் வாங்க இயலும். சிறு பட்டறைக்காரர் கைவலியால் செய்வதை ஆலை எந்திரம் நொடியில் செய்துவிடும். எளிய தொழிலாளியின் பட்டறை மூலையில் அடங்கக்கூடிய, சிறிதளவு எரிபொருளில் மிகுதியாக உழைக்கக்கூடிய எஞ்சின் ஒன்று கிடைத்தால், கைவினைஞர் ஆலைகளுக்கு ஈடுகொடுக்க இயலும் என அவர் நம்பினார். தோல்வினைஞரின் மகனுக்கு அந்நம்பிக்கை எழுந்ததில் வியப்பில்லை.

1879இல் இறுதித் தேர்வை நெருங்கும் வேளையில் டைபாய்டு காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. தேர்வு தள்ளிப்போன இடைவெளியில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் இருந்த சுல்சர் எந்திரத் தொழிற்சாலையில் பயிற்சி பெற்றார். 1880 சனவரியில் தேர்வெழுதி மிகச்சிறந்த மதிப்பெண்களுடன் வெளிவந்தார். வின்டர்தூர் என்னும் ஊர்ப்பெயரை மனத்தில் இருத்திக்கொள்வோம். கதை அங்கு மீண்டும் திரும்பும்.

காற்றே நெருப்பாகும் நுட்பம்

ஆசிரியர் லிண்டேயின் நிறுவனத்திற்காகப் பாரிசில் பனிக்கட்டி ஆலையை நிறுவி நடத்தும் பணி டீசலுக்குக் கிடைத்தது. 1883இல் மார்த்தா என்பாரை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். பகலில் பனிக்கட்டி, இரவில் நெருப்பு எனப் பத்தாண்டு கழிந்தது. நீராவிக்கு மாற்றாக அம்மோனியா ஆவியைப் பயன்படுத்திப் பல ஆண்டுகள் ஆய்ந்தார், அது கைகூடவில்லை. அத்தோல்வியின் வழியே அவர் காற்றை வந்தடைந்தார்.

மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடித்த அனைவரும் ஓர் உண்மையை அறிவர். நாலைந்து முறை வேகமாக அடித்ததும் காற்றடிப்பானின் அடிப்பகுதி சுடுகிறது. காற்றை நெருக்கினால் அது வெப்பமடையும். மிகமிக நெருக்கினால், எண்ணெயைத் தீண்டியதும் எரியச்செய்யும் அளவுக்குக் காற்றே கொதிக்கும். இவ்வியல்பே டீசல் எஞ்சினின் அடித்தளம்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்து உருளைக்குள் நுழைகின்றன. மின்பொறி அக்கலவையைப் பற்றவைக்கிறது. அதனை மிகுதியாக நெருக்கினால் உரிய நேரத்திற்கு முன்பே வெடித்துவிடும். டீசல் வேறு வழியில் சிந்தித்தார். உருளைக்குள் முதலில் காற்று மட்டும் செல்லட்டும். பிஸ்டன் எனும் உந்துதண்டு அதை இயன்றவரை நெருக்கட்டும். வெப்பம் உச்சத்தை எட்டும் கணத்தில் எண்ணெயைச் செலுத்தினால் மின்பொறியின் துணையின்றித் தானே எரியும். எவ்வளவு நெருக்கம் மிகுகிறதோ அவ்வளவுக்கு, எரியும் வளி விரிந்து வேலை செய்யும் தொலைவும் மிகும்; வீணாகும் வெப்பம் குறையும். இக்கருத்துக்கு 1892 பிப்ரவரியில் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். மறு ஆண்டு அது வழங்கப்பட்டது.

நான்கு ஆண்டுப் போராட்டம்

கருத்து தாளில் அழகாக இருந்தது. இரும்பில் அது அடங்க மறுத்தது. காற்றை 250 வளிமண்டல அழுத்தம் வரை நெருக்கலாம் என்று டீசல் முதலில் கணக்கிட்டிருந்தார். அக்காலத்து இரும்பு அதைத் தாங்காது. அவ்வளவு நெருக்குவதற்கே எஞ்சின் தன் ஆற்றலை எல்லாம் செலவிட்டுவிடும் என்பதும் பின்னர் புலப்பட்டது. தம் கணக்கில் பிழை இருப்பதை உணர்ந்த அவர் அதை மூடிமறைக்க முற்படவில்லை. அழுத்தத்தின் அளவைக் குறைத்து, எரியும் முறையையும் மாற்றி, மீண்டும் வரைந்தார்.

அவுக்ஸ்புர்க் எந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் பூட்ஸ் அவருக்கு இடமும் ஆளும் தந்தார். குருப் என்னும் எஃகு நிறுவனமும் பொருளுதவி செய்தது. மூன்று மீட்டர் உயரமுள்ள இரும்புத்தூண் போன்ற முதல் எஞ்சின் 1893 ஆகஸ்டு 10ஆம் நாள் சோதிக்கப்பட்டது. வெளிவிசையால் அதனைச் சுழற்றி எரிபொருளைச் செலுத்தியதும் உள்ளழுத்தம் 80 வளிமண்டல அளவுக்குத் தாவியது. அழுத்தம் காட்டும் கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றோர் நூலிழையில் தப்பினர். எஞ்சின் தானாக இயங்கவில்லை. ஆயினும் மின்பொறி இன்றியே எரிபொருள் பற்றிக்கொள்ளும் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

1894 பிப்ரவரி 17ஆம் நாள் எஞ்சின் முதன்முறையாகத் தன் சொந்த ஆற்றலில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடியது. அதனைச் சுழற்றிய பட்டையின் இழுவிசை திசைமாறியதைக் கண்ட தொழிலாளி ஒருவர், ஒன்றும் பேசாமல் தம் தொப்பியைக் கழற்றி வணங்கினார் என்பர். சரியாக மூன்றாண்டு கழித்து, 1897 பிப்ரவரி 17ஆம் நாள், பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முன்னிலையில் முறையான சோதனை நடந்தது. எரிபொருளின் வெப்பத்தில் 26.2 விழுக்காட்டை அவ்வெஞ்சின் வேலையாக மாற்றியது. நீராவி எஞ்சினின் திறனைப்போல் அது இருமடங்குக்கும் மேல். வகுப்பறையில் விழுந்த வினாவுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப்பின் விடை கிடைத்தது.

தெரிந்து தெளிவோம்
1900ஆம் ஆண்டு பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் டீசல் எஞ்சின் உயரிய பரிசைப் பெற்றது. அங்குச் சிறிய டீசல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயால் இயக்கிக் காட்டப்பட்டது. பெட்ரோலியம் கிடைக்காத நாடுகளின் உழவர்கள் தம் நிலத்தில் விளையும் எண்ணெயையே எரிபொருளாக்கலாம் என்னும் கருத்தில் டீசல் பின்னாளில் ஆர்வம் காட்டினார். புங்கம், காட்டாமணக்கு முதலிய விதைகளிலிருந்து உயிரி டீசல் எடுக்கும் இன்றைய முயற்சிகள் அக்கருத்தின் தொடர்ச்சியாகும்.

புகழும் கடனும்

பல நாடுகளின் நிறுவனங்கள் காப்புரிமையை விலைக்கு வாங்கின. நாற்பது வயதில் டீசல் பெருஞ்செல்வர் ஆனார். மியூனிக்கில் மாளிகை எழுந்தது. ஆனால் வெளியே தெரிந்த ஒளிக்குப் பின்னே இருள் சூழத் தொடங்கியிருந்தது. தொடக்க எஞ்சின்கள் பல இடங்களில் பழுதடைந்தன, வாங்கியோர் திருப்பியனுப்பினர். அக்கருத்து டீசலுக்கே உரியதன்று என வேறு சிலர் வழக்காடினர். காப்புரிமையில் எழுதியதும் தொழிற்சாலையில் ஓடியதும் ஒன்றல்ல என்று அறிஞர்கள் சிலர் குறை கூறினர். இடைவிடா உழைப்பால் உடலும் உள்ளமும் தளர்ந்து, மருத்துவ விடுதியில் சிலகாலம் தங்க நேர்ந்தது. நிலங்களிலும் பிற தொழில்களிலும் போட்ட பணம் மீளவில்லை. வெப்பம் வீணாவதைத் தடுக்கத் தெரிந்தவருக்குச் செல்வம் வீணாவதைத் தடுக்கத் தெரியவில்லை.

தொழிலாளர் தம் சிறுசேமிப்பை ஒன்றுதிரட்டித் தாமே ஆலைகளுக்கு உரிமையாளர் ஆகலாம் என விளக்கும் நூலொன்றை 1903இல் வெளியிட்டார். தம் எஞ்சினைவிட அந்நூலையே பெரிய பணியாக அவர் மதித்தார். படித்தவர் மிகச் சிலரே.

எஞ்சினோ அவரைக் கடந்து வளர்ந்தது. 1903இல் ஆற்றுப்படகுகளில் ஏறியது. அடுத்த சில ஆண்டுகளில், 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்திற்காக வ.உ.சிதம்பரனார் வாங்கிய காலியா, லாவோ கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நீராவியால் ஓடின. உலகின் பெருங்கப்பல்களுள் பெரும்பாலானவை அன்று அவ்வாறே ஓடின. 1912இல் டென்மார்க்கின் செலாண்டியா என்னும் டீசல் கப்பல் புகைக்கூண்டே இல்லாமல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை சென்றபோது, கடலில் நீராவியின் காலம் முடிவை நோக்கித் திரும்பியது. ஆயினும் டீசல் எஞ்சின் இன்னும் பெரிதாகவே இருந்தது. எண்ணெயைச் சீறச்செய்யத் தனியே ஒரு காற்றழுத்தி வேண்டியிருந்ததால் அதைச் சாலை வண்டியில் ஏற்ற இயலவில்லை. சிறு தொழிலாளியின் பட்டறைக்கென எண்ணிய எஞ்சின், கப்பலுக்கும் பேராலைக்கும் உரியதாயிற்று.

திரும்பாத பயணம்

1913 செப்டம்பர் 29ஆம் நாள் மாலை, இங்கிலாந்தில் நடக்கவிருந்த நிறுவனக் கூட்டமொன்றில் பங்கேற்பதற்காகப் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலில் டீசல் ஏறினார். நண்பர்களுடன் உணவருந்திவிட்டு இரவு பத்து மணியளவில் தம் அறைக்குச் சென்றார். காலையில் எழுப்புமாறு சொல்லியிருந்தார். காலையில் அறை வெறுமையாக இருந்தது. படுக்கையில் அவர் உறங்கிய சுவடே இல்லை. அவருடைய தொப்பியும் மேலங்கியும் கப்பலின் மேல்தளத்தில் கிடந்தன. சில நாள்களுக்குப்பின் வடகடலில் மிதந்த உடலொன்றைப் படகோட்டிகள் கண்டனர். அதிலிருந்து எடுத்த கண்ணாடிக்கூடு முதலிய சிறுபொருள்களை மகன் ஆய்கன், தம் தந்தையுடையவை என அடையாளம் கண்டார். உடல் கடலுக்கே திரும்பியது. ஐம்பத்தைந்து வயதில் அவர் மறைந்தது எவ்வாறு என்பது இன்றளவும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. அவர் விட்டுச்சென்ற கணக்கேடுகளில் சொத்தைவிடக் கடனே மிகுந்திருந்தது.

புகையோடு போன வெப்பம்

டீசல் தம் எஞ்சினில் வெப்பத்தின் கால்பங்கை வேலையாக்கினார். எஞ்சிய முக்கால்பங்கு எங்கே போயிற்று? ஒருபகுதி குளிர்விக்கும் நீரோடு சென்றது. மற்றொரு பகுதி சூடான கழிவுப்புகையாக வெளியேறியது. அப்புகைக்குள்ளும் ஆற்றல் இருக்கிறதே என எண்ணினார் ஒரு சுவிட்சர்லாந்துப் பொறியாளர். 1879இல் பிறந்த ஆல்ஃபிரட் பியூக்கி என்பவரே அவர். பிறந்த ஊர், டீசல் இளமையில் பயிற்சி பெற்ற அதே வின்டர்தூர். பின்னாளில் பணியாற்றியதும் அதே சுல்சர் தொழிற்சாலை.

வெளியேறும் புகையைக் கொண்டு சிறு சக்கரமொன்றைச் சுழற்றலாம்; அதே அச்சில் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை நெருக்கி உருளைக்குள் திணிக்கும். இதுவே பியூக்கியின் கருத்து. 1905இல் அதற்குக் காப்புரிமை வேண்டினார். சூடான புகையைத் தாங்கும் உலோகம் அன்று இல்லை. இருபதாண்டுப் பொறுமைக்குப்பின், 1925இல் பத்து உருளைகள் கொண்ட கப்பல் எஞ்சினில் அதனைப் பொருத்தினார். 1750 குதிரைத்திறனாக இருந்த அதன் ஆற்றல் 2500 ஆக உயர்ந்தது. எஞ்சின் பெரிதாக்கப்படவில்லை, வீணாய்ப் போன புகையே வேலைக்கு அழைக்கப்பட்டது.

இதற்கிடையே வேறு பொறியாளர்கள் தனிக் காற்றழுத்தி இன்றியே எண்ணெயைச் செலுத்தும் வழிகளைக் கண்டனர். அதனால் எடை குறைந்த டீசல் எஞ்சின் 1924 அளவில் சரக்குந்தில் ஏறியது. 1938இல் சுழலியூட்டியும் சரக்குந்தில் இடம்பெற்றது. டீசலின் நெருக்கமும் பியூக்கியின் சுழலியும் சாலையில் ஒன்றுசேர்ந்தன.

இரண்டில் எது சிறந்தது?

இப்போது குலசேகரன்பட்டினத்துச் சாலையில் நாம் கண்ட இரு வண்டிகளுக்குத் திரும்புவோம்.

பழைய எஞ்சின் இயல்பாகக் காற்றிழுப்பது. உந்துதண்டு கீழிறங்கும்போது, வெளியேயுள்ள வளிமண்டலம் தானே உள்ளே தள்ளும் அளவுக்குத்தான் அதற்குக் காற்று கிடைக்கும். ஒரு கிராம் டீசல் எண்ணெய் முற்றிலும் எரிய ஏறத்தாழ பதினான்கரை கிராம் காற்று வேண்டும். ஏற்றத்தில் ஓட்டுநர் விசைமிதியை மேலும் அழுத்தினால் எண்ணெய் மிகும், காற்று மிகாது. எரியாமல் எஞ்சிய எண்ணெயே கரும்புகையாகிறது. புதிய எஞ்சினிலோ சுழலியூட்டி அதே உருளைக்குள் மிகுதியான காற்றைத் திணிக்கிறது. நெருக்கியதால் சூடேறிய அக்காற்றை இடையில் ஒரு குளிர்விப்பான் தணிக்கிறது. தணிந்த காற்று மேலும் செறிவுறுகிறது. காற்று மிகுந்ததால் எண்ணெயைக் கூடுதலாகச் செலுத்தலாம். அது முழுமையாகவும் எரியும். ஆற்றல் கூடும், புகை குறையும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள பாரத் நிலை 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகளை நிறைவுசெய்யும் முயற்சியில், எரிபொருளைத் துல்லியமாகச் செலுத்தும் முறைகளோடு சுழலியூட்டியும் துணைநிற்கிறது.

அவ்வாறாயின் பழையது பயனற்றதா? அன்று. 2005இல் டாட்டா நிறுவனம் அறிமுகப்படுத்திய சிறு சரக்குந்தைத் தமிழ்மக்கள் குட்டியானை என அன்போடு அழைத்தனர். இரண்டு உருளைகள், 702 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, 16 குதிரைத்திறன், சுழலியூட்டி கிடையாது. அமைப்பில் எளிமை, விலையில் மலிவு, எந்த ஊர்ப் பட்டறையிலும் பழுதுநீக்கும் வசதி என்பனவே அதன் வலிமை. அதனை நம்பி எண்ணற்ற குடும்பங்கள் சொந்தத்தொழில் தொடங்கின.

சுழலியூட்டிக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. அதன் சிறுசக்கரம் நிமிடத்திற்கு ஒரு இலட்சம் முறைக்கு மேலும் சுழலக்கூடியது. அதன் அச்சைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப்படலமே. உயவெண்ணெயை உரிய காலத்தில் மாற்றாவிடினும், காற்று வடிகட்டியில் மணலும் தூசும் அடைந்தாலும் அது விரைவில் பழுதுறும். பழுதுநீக்கச் செலவும் மிகுதி. நெடுந்தொலைவு சுமையேற்றி வந்தவுடன் எஞ்சினை அணைக்காமல் சிறிதுநேரம் வெறுமனே ஓடவிட வேண்டும். தேரி மணல் பறக்கும் கடற்கரையில் இவற்றையெல்லாம் ஓட்டுநர் மறக்கலாகாது. மேலும், புகையின் விசை போதிய அளவு திரளும்வரை சுழலி விழித்தெழாது. குறைந்த வேகத்தில் அதன் உதவி சற்றுத் தாமதித்தே கிட்டும்.

ஆகவே எது சிறந்தது என்னும் வினாவுக்கு விடை, யாருக்கு, எதற்கு என்பதைப் பொறுத்தது. நாள்தோறும் மிகுந்த சுமையுடன் நெடுஞ்சாலையில் விரைபவருக்குச் சுழலியூட்டி எண்ணெயை மிச்சப்படுத்தும். ஊருக்குள் சிறுசுமையுடன் சிறுதொலைவு செல்பவருக்கு எளிய எஞ்சினே போதுமானதாக இருந்தது. ஆனால் ஓட்டுநரின் கணக்கில் வராத ஒன்றும் உண்டு. சாலையோரத்தில் நிற்பவர் சுவாசிக்கும் காற்றே அது. அதனைக் கணக்கிற்கொண்டால் துலாக்கோல் புதிய தொழில்நுட்பத்தின் பக்கம் சாய்கிறது.

நிறைவாக

1897இல் அவுக்ஸ்புர்க்கில் சோதிக்கப்பட்ட டீசலின் எஞ்சின், ஏறத்தாழ 19.6 லிட்டர் கொள்ளளவில் 18 குதிரைத்திறனைத் தந்தது. தரையோடு பிணைக்கப்பட்டு அசையாது நின்றது. ஏறக்குறைய அதே ஆற்றலை அதில் இருபத்தெட்டில் ஒரு பங்கு கொள்ளளவிலேயே தந்தபடி குட்டியானை சந்துபொந்துகளில் ஓடியது. சுழலியூட்டி பொருத்திய இன்றைய எஞ்சின்கள் அதையும் விஞ்சிவிட்டன.

சிறு தொழிலாளியின் கையில் சிறு எஞ்சின் இருக்கவேண்டும் என்பது டீசலின் கனவு. தம் வாழ்நாளில் அவர் அதைக் காணவில்லை. கருவி வெடித்த நாளிலும், கணக்குப் பிழைத்த நாளிலும், கடன் சூழ்ந்த நாளிலும் அவர் தம் எஞ்சினைப் பற்றிக் கண்ட கனவு பொய்யென்றே பிறருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அவர் விட்ட இடத்திலிருந்து பியூக்கி தொடங்கினார். பெயரறியாப் பொறியாளர்கள் பலர் தொடர்ந்தனர். ஒருவர் வீணென்று விடநேர்ந்ததை அடுத்தவர் பயனுடையதாக்கினார். அறிவியல் வளர்வது இவ்வாறே.

குலசேகரன்பட்டினத்துக் கடற்கரையில், மீன்பெட்டிகளை அடுக்கிக் கயிறு கட்டிவிட்டுத் தன் சொந்த வண்டியில் ஏறி அமர்கிறார் ஓர் ஓட்டுநர். திறவுகோலைத் திருப்புகிறார். உருளைக்குள் காற்று நெருங்குகிறது. நெருங்கிய காற்று கனல்கிறது. பாரிசுத் தெருவில் தோற்பொருள் வண்டியைத் தள்ளிய சிறுவன் பிற்காலத்தில் தேடியது இம்மனிதரைத்தான்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் இயங்கும் சிறு சரக்குந்து ஓட்டுநர்கள் இருவரைச் சந்தித்து, சுழலியூட்டி உள்ள எஞ்சின், இல்லாத எஞ்சின் ஆகியவற்றின் எரிபொருள் செலவு, பராமரிப்பு, சுமைதாங்கும் திறன் பற்றிக் கேட்டறிந்து ஒப்பீட்டு அட்டவணை உருவாக்குக.

2. ஒரு கண்டுபிடிப்பின் பெருமை முதலில் எண்ணியவருக்கா, அதை முழுமையாக்கியவர்களுக்கா என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. மனிதர்களின் பெயர்களால் வழங்கும் அறிவியல் அலகுகள், கருவிகள் ஐந்தினைத் திரட்டி, அப்பெயருக்குரியோர் பற்றிய சிறுகுறிப்புகளை எழுதுக.